கிழமை பார்த்துக் கிளம்புங்கள்: காரைக்குடியிலிருந்து கொச்சிக்கு

நம்ம பக்கத்திலிருந்து மூணாறு போகிற கூட்டம் அதிகம். அப்படியே ஒரு அரை நாள் கொச்சியையும் எட்டிப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணுமில்ல, வலை இருக்கு, பூட்டுன கதவு இருக்கு" என்று ஊருக்கு வந்து சொல்வார்கள். அதில் ஊர்மேல் குற்றமில்லை, போன கிழமைதான் சரியில்லை. கொச்சியில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு ஓய்வு நாள், ஒரு தொழுகை நேரம் உண்டு. அது தெரியாமல் போனால் ஒரு கதவு திறந்திருக்கும், மூன்று கதவு சாத்தியிருக்கும். எங்கள் குடும்பம் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, அறந்தாங்கி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து முதல் தடவை போகிறவர்களுக்கானது. வாஸ்கோடகாமா கதையை அங்கே யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், அதனால் விட்டுவிட்டேன். இதில் உள்ள செலவுக் கணக்கெல்லாம் உத்தேசம். கூடக்குறைய இருக்கும்.

1. முதலில் கிழமை, அப்புறம் டிக்கெட்

ரயில் நிற்கும் எர்ணாகுளம் ஒரு கரை, பழைய ஊரான ஃபோர்ட் கொச்சியும் அதை ஒட்டிய மட்டாஞ்சேரியும் தண்ணீர் தாண்டி எதிர்க்கரை. அங்கே பார்க்க வேண்டிய முக்கிய இடங்கள் இரண்டு, அவற்றின் விடுமுறையும் அடுத்தடுத்த நாளில் வருகிறது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் யூதர்களின் தொழுகைக் கூடமான சினகாக்குக்குச் சனிக்கிழமை விடுமுறை. வெள்ளி மதியத்துக்கு மேல் அதையும் நம்ப முடியாது, ஏனென்றால் அவர்களுடைய ஓய்வு நாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடுகிறது. ஆக, வெள்ளி இரவு கிளம்பி சனி, ஞாயிறு சுற்றிவிட்டு வருவோம் என்கிற வழக்கமான திட்டத்தில் சனிக்கிழமை பாதி வீண்.

இன்னும் இரண்டு விஷயம். சினகாக் காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரைதான் திறந்திருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குப் போனால் வெயிலில் நிற்க வேண்டியதுதான். யூதப் பண்டிகை நாட்களிலும் மூடிவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் அவை வரிசையாக வரும், அந்த மாதங்களில் போகிறவர்கள் தங்கும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும், அது முடிந்த பிறகுதான் சுற்றிப் பார்க்கலாம். இந்தோ-போர்த்துகீசிய அருங்காட்சியகமும் திருப்பூணித்துறை மலை அரண்மனையும் திங்கள்கிழமை மூடியிருக்கும்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் உத்தமம். வார இறுதியை விட்டால் லீவு கிடைக்காது என்பவர்கள் மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். காலையில் சினகாக், அரண்மனை இரண்டையும் முடித்துவிட்டு மாலையில் தேவாலயம் போகலாம்.

2. எந்த மாதம்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் முதல் மே வரை வெயில் நம்ம ஊர் அளவுக்குச் சுடாது, ஆனால் வியர்வை நிற்கவே நிற்காது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஐந்து நிமிடத் தூறலுக்கே சந்தோஷப்படுகிற நாம் அந்த மழையைப் பார்த்தால் மிரண்டுபோவோம். அந்த மாதங்களில் அறை வாடகை பாதிக்குப் பாதி இறங்கும் என்பதும் உண்மை.

டிசம்பர் 31 அன்று ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் பப்பாஞ்ஞி என்கிற பெரிய உருவத்தை எரிப்பார்கள். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் திரும்பி வர வண்டியும் கிடைக்காது, படகில் இடமும் கிடைக்காது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அன்றைக்குப் போகவே வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பர் 12-ஐ ஒட்டித் தொடங்கும் பியனாலே கலைக் கண்காட்சி சில மாதங்கள் நடக்கும். அப்போது ஊர் கலகலவென்று இருக்கும், வாடகையும் கூடவே ஏறும்.

3. ரயில்

காரைக்குடியிலிருந்து நேரடியாகவே ஒரு ரயில் இருக்கிறது என்பது நம்ம ஆட்களில் பலருக்குத் தெரியவில்லை. வேளாங்கண்ணி – எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ், வண்டி எண் 16362. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் ஞாயிறும் வேளாங்கண்ணியில் மாலை கிளம்பி பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக இரவு காரைக்குடிக்கு வரும். அப்புறம் விருதுநகர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி மலையேறி, மறுநாள் மதிய வாக்கில் எர்ணாகுளம் போய்ச் சேரும். திரும்பும் வண்டி 16361, திங்களும் சனியும் மதியத்துக்கு மேல் எர்ணாகுளத்தில் கிளம்பும். அட்டவணை மாறக்கூடியது, பணம் கட்டும்முன் செயலியில் ஒருமுறை சரிபாருங்கள்.

இதில் செவ்வாய் இரவு ஏறுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். புதன் மதியம் இறங்கினால் வியாழன் முழு நாளும் மட்டாஞ்சேரிக்கு. வெள்ளியன்று அரண்மனை மூடியிருந்தால் நமக்கென்ன, படகு, கடற்கரை என்று போய்விடலாம். சனி மதியம் அதே வண்டியில் திரும்பலாம். ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் மதியம் இறங்குவீர்கள், ஆனால் அடுத்த நேரடி வண்டிக்குச் சனி வரை காத்திருக்க வேண்டும். அப்படிப் போகிறவர்கள் திரும்பும்போது திருச்சி வழியாக வாருங்கள்.

திருச்சி வழி தினமும் உண்டு. காரைக்கால் – எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் (16187) இரவில் திருச்சியைத் தாண்டி, ஈரோடு, கோவை வழியாகக் காலையில் எர்ணாகுளத்தில் விடும். காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நேரடி வண்டியில் கிடைக்கும் மலைக்காட்சி இதில் கிடைக்காது, ஆனால் காலையில் இறங்குவதால் ஒரு அரை நாள் மிச்சம்.

நேரடி வண்டியில் ஸ்லீப்பர் 350 ரூபாய்க்கு முன்பின், மூன்றடுக்கு ஏசி 900-க்கு முன்பின் ஆகும். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் திறந்த அன்றே போட்டுவிடுங்கள், செங்கோட்டை வழி என்பதால் ஐயப்ப சாமிகள் கூட்டம் வண்டியை நிரப்பிவிடும். கடைசி நேரத்தில் தட்கல் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத் தட்கல் எடுக்க முடியும். அந்த வேலையைப் பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி தட்கல் திறக்கும் நேரத்தில் செய்ய முடியாது, ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்கு. அப்புறம், அப்பச்சிக்கும் ஆச்சிக்கும் மூத்த குடிமக்கள் சலுகை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், 2020-ல் நிறுத்தியது நிறுத்தியதுதான்.

பதிவு செய்யும்போது ஊர்ப்பெயரைக் "கொச்சி" என்று தேட வேண்டாம். எர்ணாகுளம் சந்திப்பு, எர்ணாகுளம் டவுன் என்று இரண்டு நிலையங்கள். உள்ளூரில் முதலாவதைச் சவுத் என்றும் இரண்டாவதை நார்த் என்றும் சொல்வார்கள். நமக்குச் சவுத்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

உள்ளூர்க்காரர்களுக்குச் சுலபம். ஒவ்வொரு பெரியவருக்கும் அசல் அடையாள அட்டை ஒன்று வேண்டும். தங்கும் இடத்தில் நகல் கேட்டால் எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், அது போதும்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். நம்ம பக்கம் கல்யாணம், காதுகுத்து, படைப்பு என்று மலேசியா, சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொண்டு கிளம்புவோம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் (2025 செப்டம்பரில் வந்த புதுச் சட்டப்படி படிவம் 3) என்ற விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத சின்ன வீடுகளில், பணம் கட்டியிருந்தாலும் இரவு பத்து மணிக்கு வாசலிலேயே கையை விரித்துவிடுவார்கள். எங்களுக்கு நடந்தது இதுதான். மொழி தெரியாத அத்தையை ஆட்டோவில் உட்காரவைத்துக்கொண்டு வீடு வீடாக விசாரித்தோம். அதனால் பதிவு செய்யும் முன்பே தொலைபேசியில், "வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருக்கு, சி படிவம் போடுவீங்களா?" என்று கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அடுத்த வீட்டைத் தேடுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் அசல் கையில் இருக்க வேண்டும், மின்விசா என்றால் அச்சடித்த தாள்.

வண்டி பிடித்துப் போகிறவர்களுக்கு: தொண்டியில் தொடங்கி சிவகங்கை, மதுரை, தேனி, போடி, மூணாறு வழியாகக் கொச்சி போகும் 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்ம வாசலிலிருந்தே போகிற மாதிரிதான் இருக்கும். மழைக்காலத்தில் மலைப்பகுதியில் மண் சரியும், இரவில் அந்த வழி வேண்டாம். சொந்த காருக்கு ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் போதும். வாடகை வேன் என்றால் கேரளப் பெர்மிட், வரி, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் பேசின தொகைக்குள் அடங்குமா என்று வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். வாயால் பேசியது சோதனைச் சாவடியில் மறந்துபோகும்.

5. எந்தக் கொச்சியில் தங்குவது

இணையத்தில் "கொச்சி" என்று போட்டு விலை மலிவாக இருக்கிறதே என்று அழுத்தினால், அறை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நெடும்பாசேரியில் இருக்கும். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வந்து போவதிலேயே நாள் போய்விடும். வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

என் அபிப்பிராயம், ஃபோர்ட் கொச்சியிலேயே ஒரு வீட்டுத் தங்கலில் தங்குங்கள். இருவர் அறை 1,200-லிருந்து 2,500-க்குள் சாதாரண நாட்களில் கிடைக்கும். எர்ணாகுளத்தில் தங்கினால் ஹோட்டல் வசதி கூடுதல், ஆனால் தினமும் தண்ணீரைத் தாண்ட வேண்டும். காலை ஆறரை மணிக்கு, பஸ் கூட்டம் வந்து இறங்கும் முன் இருக்கும் ஃபோர்ட் கொச்சி வேறு, பத்து மணிக்கு மேல் பார்க்கும் ஃபோர்ட் கொச்சி வேறு. முதலாவதைப் பார்க்க அங்கேயே தூங்கி எழுந்தால்தான் முடியும்.

6. ஸ்டேஷனிலிருந்து தண்ணீர் தாண்டி

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். சாலை வழி சுற்று, தோப்பும்படிப் பக்கம் நெரிசல். சவுத் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் உயர்நீதிமன்றப் படகுத்துறைக்குப் போங்கள். கேரளத்தில் ஆட்டோவுக்கு மீட்டர் உண்டு. முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15. இரவு பத்துக்கு மேல் பாதி கூடும்.

அந்தத் துறையில் வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் 40 ரூபாய், ஏசி, இருபது நிமிடத்தில் ஃபோர்ட் கொச்சி. மட்டாஞ்சேரிக்கும் 2025 அக்டோபரிலிருந்து படகு இருக்கிறது. நூறு பேர் அளவுக்குத்தான் ஏற்றுவார்கள், நம்ம டவுன் பஸ் மாதிரி திணித்து ஏற்ற மாட்டார்கள், அதனால் ஞாயிறு மாலை வரிசை நீளும். பொறுமை இல்லை என்றால் சற்றுத் தள்ளி சுபாஷ் பூங்கா பக்கம் அரசுப் படகுத்துறை இருக்கிறது. சில்லறைக் காசுதான், வேர்க்கும், ஆனால் காற்று முகத்தில் அடிக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பின் கரைக்கு, கார் பைக்கோடு ஆட்களையும் ஏற்றிப்போகும் ரோ-ரோ படகு ஓடுகிறது. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமைக்கு இதை வைத்துக்கொண்டு செராய் கடற்கரை வரை போய் வரலாம். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் குளிக்க இறங்காதீர்கள். மழை மாதங்களில் ஆகாயத்தாமரை வந்து குவிந்து கிடக்கும்.

7. பர்ஸ் கரையும் மூன்று இடங்கள்

முதலாவது ஆட்டோ. "50 ரூபாய்தான், எல்லா இடமும் காட்டறேன்" என்று வருவார்கள். மூன்றாவது இடம் ஒரு கடையாக இருக்கும். ஐந்து நிமிடம் உள்ளே போய் வந்தால் போதும், வாங்க வேண்டாம் என்பார்கள். கடைக்காரர் கொடுக்கும் கமிஷனில்தான் அவர் வண்டி ஓடுகிறது. மனசு கேட்காமல் நாமும் எதையாவது வாங்கிவிடுவோம். மீட்டர் போடுங்கள், இல்லையென்றால் நடங்கள், ஃபோர்ட் கொச்சி நடக்கிற ஊர்தான்.

இரண்டாவது சீன வலை. தேக்குக் கழிகளில் தொங்கும் வலை ஒரு பக்கம், அதைச் சமன் செய்யக் கயிற்றில் வரிசையாகக் கட்டிய பாறாங்கற்கள் இன்னொரு பக்கம். நாலைந்து பேர் இழுத்தால்தான் மேலே வரும். "வாங்க, நீங்களும் இழுங்க" என்று கூப்பிடுவார்கள். இழுத்து முடித்தபின் காசு கேட்பார்கள். கொடுப்பதில் தப்பில்லை, உழைப்பாளிகள்தான். ஏறும் முன்பே எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

மூன்றாவது, வலைக்குப் பக்கத்து மீன் கடைகள். மீனை வாங்கிப் பக்கத்துச் சமையல் கடையில் கொடுத்துப் பொரித்துச் சாப்பிடலாம். எடை போடுவதைக் கண்ணால் பாருங்கள். சமையல் கூலியைத் தனியாகக் கேளுங்கள். அங்கே விற்பதெல்லாம் அந்த வலையில் அகப்பட்டது என்று நம்பிவிட வேண்டாம், அந்த வலையில் வருவது கொஞ்சம்.

8. மட்டாஞ்சேரிக்கு ஒரு முழு நாள்

பத்து மணிக்குச் சினகாக் வாசலில் இருங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத ரவிக்கை கூடாது. செருப்பை வெளியே விட வேண்டும், படம் எடுக்கக் கூடாது. உள்ளே போனதும் எல்லாரும் தொங்கும் விளக்குகளை அண்ணாந்து பார்ப்பார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் வளர்ந்த நாம் தரையைப் பார்க்க வேண்டும். சீனாவில் கையால் நீல வண்ணம் தீட்டிய ஓடுகள், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஒரே மாதிரி தெரிகிற இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மரக்கிளை வேறு பக்கம் வளைந்திருக்கும்.

அங்கிருந்து அரண்மனை. ராமாயணச் சுவரோவியங்களுக்கு நிதானமாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு இடத்திலும் நுழைவுக் கட்டணம் குறைவு, சில்லறையாக வைத்திருங்கள்.

அப்புறம் குஜராத்தி சாலை. அங்கே ஜைனக் கோயில், இனிப்புக் கடைகள். செர்லாய் பக்கம் கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் கோயில். இவையெல்லாம் ஒரு மணி நேர நடைக்குள் அடக்கம். மதியம் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள், மாலை திறக்கும்போது பாருங்கள்.

மறுநாள் காலை ஃபோர்ட் கொச்சியில் "வெளி" என்கிற பகுதியில் இருக்கும் டோபி கானா என்ற சலவைக் கூடத்துக்குப் போங்கள். சுற்றுலாப் பட்டியலில் இது கடைசியில் இருக்கும், எனக்கு முதலில். தலைமுறைகளாக அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பங்கள், வண்ணார் சங்கம்தான் நடத்துகிறது. நீங்கள் தமிழிலேயே பேசலாம். துவைக்கத் தனித்தனித் தொட்டி, பின்னால் பெரிய உலர்த்தும் வெளி. கிளிப்பே கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்பார்கள், அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிவிட்டால் கடல்காற்றுக்கும் அசையாது. அவர்கள் வேலை செய்யும் இடம் அது; கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உங்கள் அழுக்குத் துணியையே கொடுத்தும் வாங்கலாம்.

9. நம்ம வீட்டு வாசல் நிலை அங்கே நிற்கும்

யூதத் தெருப் பழம்பொருள் கடைகளுக்குள் போனால் கொஞ்சம் திக்கென்று இருக்கும். கஜலட்சுமி செதுக்கிய நிலை, தேக்குத் தூண், எனாமல் அடுக்கு, ஆச்சிமார் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சாமான். பலவும் நம்ம பக்கம் இடித்த வீடுகளிலிருந்து போனவை. தூணின் அடியில் நம்ம வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பாருங்கள், வாங்க வேண்டாம். அதே மாதிரிச் சாமானைக் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் போக்குவரத்துச் செலவில்லாமல் பேரம் பேசலாம்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கேட்கவில்லை, வாங்கியே ஆவேன் என்கிறார் என்றால், ரசீது கட்டாயம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்ப வேலைப்பாடுள்ள பொருள்களை 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. பழையது மாதிரி தெரியும் புதுச் சாமானுக்கும் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று இல்லாவிட்டால், விமான நிலையத்தில் பிடித்துவைக்க வாய்ப்பு உண்டு.

மசாலாவில் மிளகு, ஏலம், குடம்புளி வாங்கலாம். முழுசாக வாங்குங்கள், பொடி வேண்டாம். கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் நம்ம ஊர்ச் சந்தையிலேயே பார்த்து வாங்குகிறோம், அதை அங்கே போய்க் கண்ணாடிப் புட்டியில் வாங்குவானேன்.

10. சாப்பாடு

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், மட்டாஞ்சேரியில் குஜராத்தி, கொங்கணி சாப்பாடு உண்டு. மதியச் சாப்பாட்டில் பருத்த மட்டை அரிசி வரும், ஒத்துக்கொள்ளாதவர்கள் உட்காரும்போதே வெள்ளை அரிசி கேளுங்கள். இளஞ்சிவப்பாக வெதுவெதுப்பாக ஒரு தண்ணீர் வைப்பார்கள், பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது, தாராளமாகக் குடிக்கலாம். பிரியாணிக்கு மட்டாஞ்சேரி காயீஸ் பெயர்போன கடை, மதியம் தாமதமானால் அண்டா காலி. காரம் நம்ம அளவுக்கு இருக்காது. இட்லி மிளகாய்ப்பொடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு பேர், இரண்டு மூன்று இரவு, ஸ்லீப்பரில் போய்வந்து ஒரே அறையில் தங்கினால், எல்லாம் சேர்த்து 15,000 முதல் 18,000-க்குள் முடிக்கலாம். சாமான் வாங்குவது இதில் சேராது.

11. திரும்பும் நாள்

சனி மதிய வண்டிக்கு ஃபோர்ட் கொச்சியிலிருந்து காலை பத்து மணிக்கே கிளம்புங்கள். வாட்டர் மெட்ரோவில் ஒரு படகு தவறினாலும் அடுத்ததற்கு நேரம் இருக்கும். அறையைக் காலி செய்யும் நேரமும் அதை ஒட்டித்தான் வரும். இந்த வண்டி காரைக்குடிக்கு அகால நேரத்தில் வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி யாரிடமாவது ஏற்பாடு செய்யுங்கள், அதைவிட முக்கியமாகச் செல்பேசியில் மானாமதுரைக்கே அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். தூங்கிவிட்டால் அறந்தாங்கியில்தான் விழிப்பீர்கள்.